காருக்குக் காது எது?

எங்க நங்கையா முத்தாயம்மாளைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுன்னு கேட்டா எனக்கு மூணோட நின்னு போகும். நங்கையான்னா எங்க பக்கத்துல புருசனோட அக்கா. கை சுத்தம். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினா தெருவே மோப்பம் பிடிக்கும். எவனுக்கும் பயப்பட மாட்டாங்க. அவ்வளவுதான், மிச்சமெல்லாம் வாய். அந்த வாயில விழுந்து எந்திரிக்காத ஆளு திருச்செங்கோட்டுக்கும் மல்லசமுத்திரத்துக்கும் நடுவுல ஒருத்தரும் கிடையாது, சாமி உட்பட.

பொறந்தது திருச்செங்கோட்டுக்குக் கிழக்கால, எங்க மாமனார் தோட்டத்துல. வாக்கப்பட்டது மல்லசமுத்திரத்துப் பக்கம், பெரியசாமிங்கிற ஒரு பரம சாதுவுக்கு. தும்மல் வந்தாக்கூட பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துட்டுத் தும்முற மனுசன் அவரு. அவங்க கல்யாணத்துல மங்கல வாழ்த்துப் பாடினவரு இழுத்து இழுத்துப் பாடினாராம். "கொஞ்சம் வெரசாப் பாடுங்க, பாட்டு முடியறதுக்குள்ள கொழந்தை பொறந்துரப் போகுது"ன்னு மணவறையில உக்காந்துக்கிட்டே பொண்ணு சொல்லிச்சுன்னு ஒறம்பரை சனத்துல இன்னும் பேசிக்குவாங்க. எனக்கு அதுல ஒண்ணும் ஆச்சரியமில்லை.

அப்படிப்பட்ட பொம்பளை ஆறு வருசம் பொறந்த ஊட்டு வாசலை மிதிக்கல. காரணம் ஒரு குப்பை வண்டி.

வைகாசியில திருச்செங்கோட்டுத் தேர் நோம்பி, அதான் திருவிழா. மகளைக் கூட்டியாரச் சொல்லி மாமனார் வண்டி அனுப்பினாரு. ஊட்டுல கூண்டு வண்டி ஒண்ணு இருந்துச்சு, மெத்தையெல்லாம் போட்டது. அது அன்னைக்குன்னு பாத்து மாமனாரோட அண்ணன் மக குஞ்சம்மாளைக் கூட்டியாரப் போயிருச்சு. பெத்த மகளுக்கு வந்தது காட்டுக்கு எரு அடிக்கிற வண்டி. கழுவி, வைக்கோல் பரப்பித்தான் அனுப்பினாங்க. ஆனா என்னத்தைக் கழுவினாலும் குப்பை வண்டி குப்பை வண்டிதானே. நங்கையா வாசல்ல நின்னு அதை மேலயும் கீழயும் பாத்துட்டு வண்டிக்காரன்கிட்டச் சொன்னாங்களாம்.

"பெரியப்பன் மகளுக்கு மெத்தை, பெத்த மகளுக்கு எருவா? உங்க எசமான், அந்தப் பண்ணாடிகிட்டப் போய்ச் சொல்லு. இனி எனக்குக் காரு வந்தாத்தான் அந்த வாசலுக்கு வருவேன்."

அப்ப எங்க சுத்து வட்டாரத்துல காருங்கிறது கலெக்டர் வந்தாப் பாக்குற பொருளு. யானை வந்தாத்தான் வருவேன்னு சொல்றதும் அதும் ஒண்ணுதான். மாமனாரும் வீம்புக்காரர். "வராட்டிப் போகட்டும்"னு உட்டுட்டாரு. அப்பனுக்கும் மகளுக்கும் மூக்கு மட்டுமில்லை, எல்லாமே ஒரே அச்சு.

நடுவுல மாட்டிக்கிட்டது எங்க ஊட்டுக்காரர். புருசன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு என்னைய வளத்தவங்க சொல்லிக் குடுத்தாங்க, நானும் ரொம்ப நாளு கட்டிக் காத்தேன். இப்ப சொன்னா வானமா இடிஞ்சு விழுந்துரும்? கந்தப்பன். அக்கான்னா அவருக்கு உசுரு. ஆனா அப்பனுக்கு முன்னால வாய் திறக்காது. சோத்துக்கு மட்டும்தான் திறக்கும்.

அந்த மனுசன் ஒரு நாள் போயி ஒரு காரை ஓட்டியாந்து வாசல்ல நிறுத்தினாரு. ஏற்காட்டுல காப்பித் தோட்டம் வெச்சிருந்த தொரை ஒருத்தர் சீமைக்குப் போறப்ப வித்துட்டுப் போனது. சின்னப் பண்ணாடிக்கு ஆடம்பரம் தலைக்கேறிப் போச்சுன்னு ஊரு பேசிச்சு. அவரும் சிரிச்சுக்கிட்டு இருந்துட்டாரு. அக்காளைக் கூட்டியாரத்தான் வாங்கினேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எனக்கே கல்யாணமாகி ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னாரு.

காருக்கு ஒரு நடுக்கம் இருந்துச்சு. நின்ன எடத்துல இஞ்சின் ஓடினா குளிர்காய்ச்சல் வந்தவனாட்டம் உதறும். உள்ள உக்காந்து வெத்தலை போட்டா சுண்ணாம்பு மூக்குல ஒட்டிக்கும். ஓட்டினது சடையன். அதுக்கு முன்னால எங்க கூண்டு வண்டி ஓட்டினவன். மேடு ஏறி முடிச்சா காரையும் முதுகுல தட்டிக் குடுத்து "சபாசு"ம்பான்.

அப்பனை மீறி அதை அக்கா ஊருக்கு அனுப்பத் தைரியம் வராம அவரு இருக்கறப்பதான் எனக்கும் அவருக்கும் கல்யாணம் கூடிச்சு.

எங்க சனத்துல இணைச்சீருன்னு ஒரு சடங்கு. பொண்ணுக்கு எடுத்த கூறைச் சேலையோட ஒரு முனையை மாப்பிள்ளையோட கூடப் பொறந்தவ புடிச்சுக்குவா, மறு முனை மாப்பிள்ளை கையில இருக்கும். நீ இன்னொரு ஊட்டுக்குப் போனாலும் இங்க உனக்குப் பாத்தியதை உண்டுன்னு பந்தல் பூரா பாக்கச் சொல்றது அது. அது முடிஞ்சாத்தான் முகூர்த்தம். கூடப் பொறந்தவ வரலைன்னா பெரியப்பன் மக நிக்கலாம், தப்பில்லை. ஆனா நின்னுட்டா அதுக்கப்புறம் அவதான் அந்த ஊட்டுப் பொறந்தவ. நோம்பிக்கு அழைப்பும் அவளுக்கு, நல்லது கெட்டதுல முன்னால நிக்கிறதும் அவ. குஞ்சம்மாள் அந்த எடத்துக்கு ஆறு வருசமா ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டிருந்தா.

"அக்கா, காரு வருது, வந்துரு"ன்னு எங்க ஊட்டுக்காரர் ஆளுகிட்டச் சொல்லி அனுப்பினாரு. "வந்தா வாரேன்"னு பதில் வந்துச்சு.

அக்கா ஏறுற கார் உதறலாமா? சேலத்துக்கு அனுப்பி ஒரு ஒர்க்‌ஷாப்புல உட்டாரு. கல்யாணத்துக்கு முந்தின நாள் பொழுது எறங்கித்தான் திரும்பி வந்துச்சு. நடுக்கம் போயே போச்சு. இஞ்சின் ஓடுதா நிக்குதான்னு மூடி மேல காதை வெச்சுப் பாக்கோணும். அவ்வளவு நல்லா வேலை செஞ்சிருந்தான் அந்த மகராசன். அதுதான் வெனையாப் போச்சு.

கல்யாணத்தன்னைக்கு வெடியால சடையன் காரை ஓட்டிக்கிட்டு நங்கையா ஊருக்குப் போனான். நான் அப்ப பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கு உட்டிருந்த விடுதி ஊட்டுல அலங்காரம் பண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன். நங்கையா ஊருல நடந்ததைப் பாதி சடையன் சொல்லிக் கேட்டேன், பாதி நங்கையா வாயில இருந்தே கேட்டேன்.

கார் போயி வாசல்ல நின்னதும் ஊரே கூடிருச்சு. நங்கையா பட்டு உடுத்தி ரெடியா நின்னாங்க. நேராப் போயி ஏறி உக்காந்திருந்தா இந்தக் கதையே இல்லை. "மொதல் தடவையா ஏறுறேன். கருப்பணசாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏறுறேன்"னாங்க.

சாமிக்கு ஆடு வெட்டுறதுக்கு முன்னால எங்க பக்கத்துல உத்தரவு கேப்போம். ஆட்டு மேல மஞ்சத்தண்ணி ஊத்தினா அது உடம்பை ஒரு உலுக்கு உலுக்கோணும். துளுக்குறதுன்னு சொல்லுவோம் அதை. துளுக்கினா சாமிக்குச் சம்மதம். துளுக்கலைன்னா கத்தியக் கீழ வெச்சுட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மசாலா அரைச்சு வெச்சுட்டு ஆட்டு மூஞ்சியவே பாத்துக்கிட்டு ஊரு பூரா பட்டினி கிடந்த நோம்பியெல்லாம் உண்டு. காரும் நாலு காலோட நிக்குது, உறுமுது, மூஞ்சியில ரெண்டு கண்ணு இருக்குது. அதுக்கும் அதே ஞாயந்தான்னு நங்கையா முடிவு பண்ணிட்டாங்க.

மூடி மேல ஒரு சொம்பு மஞ்சத்தண்ணி ஊத்தினாங்க. இஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கார் அசையல. இன்னொரு சொம்பு. அசையல. மூணாவது சொம்புக்கும் அது பாட்டுக்கு அசை போடுற எருமையாட்டம் நின்னுச்சு.

"ஏனுங்க அம்மிணி, இது துளுக்காதுங்க. சேலத்துல நடுக்கத்தை எடுத்துப் போட்டாங்க"ன்னான் சடையன்.

"நடுக்கத்தை எடுத்துட்டா அப்புறம் அதுக்கு உசுரு எங்கடா இருக்குது?"

கூட்டத்துல முணுமுணுப்பு ஆரம்பிச்சுருச்சு. சாமிக்கு இஷ்டமில்லையாட்டம் இருக்குது, போற காரியம் வெளங்காதுன்னு ஆளாளுக்குப் பேச்சு. பெரியசாமியும் மெதுவா, "அப்படின்னா போகாம இருந்துறலாமா?"ன்னாரு. பொண்டாட்டி பாத்த பார்வையில நாலடி தள்ளிப் போயி நின்னுக்கிட்டாரு.

ஆடு துளுக்காம அடம் புடிச்சா பூசாரிங்க ஒரு வேலை செய்வாங்க. சனம் அக்கட்டால திரும்பி நிக்கறப்ப ஆட்டுக் காதுக்குள்ள கொஞ்சம் தண்ணிய உட்டுருவாங்க. காதுல தண்ணி போனா எந்த ஆடும் துளுக்கும், சாமி சம்மதிச்சாலும் சம்மதிக்காட்டியும். இது ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி கும்புடுறதுதான் மொறை.

நங்கையா காரை ஒரு சுத்துச் சுத்தி வந்தாங்க. "சடையா, இதுக்குக் காது எது?"

"காருக்குக் காது ஏதுங்க?"

மூடியோட ரெண்டு பக்கத்துலயும் இஞ்சினுக்குக் காத்துப் போறதுக்கு வரிவரியா ஓட்டை இருக்குது. நங்கையா அதைத் தடவிப் பாத்தாங்க. "இந்தா இருக்குதே"ன்னு சொல்லிக்கிட்டே பக்கத்துல இருந்த மஞ்சத்தண்ணிக் குடத்தைத் தூக்கிச் சரிச்சாங்க. முழுக் குடமும் உள்ள போச்சு. கார் ஒரு தும்மல் தும்மிச்சு. ரெண்டு தடவை இருமிச்சு. அப்புறம் முன்விளக்குல இருந்து பின்தகரம் வரைக்கும் உதறிச்சு பாரு, ஏற்காட்டுத் தொரை காலத்துல கூட அப்படி உதறினதில்லைன்னான் சடையன். ஊரே கையெடுத்துக் கும்பிட்டுச்சு. நங்கையா ஏறி உக்காந்தாங்க. பெரியசாமியும் பக்கத்துல ஒட்டிக்கிட்டாரு.

உதறிக்கிட்டே கார் ரெண்டு மைல் போச்சு. ஒரு பனங்காட்டு ஓரத்துல கடைசியா ஒரு உதறு உதறிட்டு நின்னு போச்சு. சடையன் இஞ்சினைக் கிளப்ப முன்னால கம்பியப் போட்டுச் சுத்தினான். தோள்பட்டை கழண்டதுதான் மிச்சம். மூடியத் திறந்து பாத்தான், தலைத்துண்டை அவுத்து உள்ள எதையோ தொடைச்சான், மறுபடியும் சுத்தினான். ஒண்ணும் ஆகல. "சேலத்தான் ஏமாத்திப் போட்டான்"னான்.

இங்க பந்தல்ல வெயில் ஏற ஏற எல்லாரும் வழியவே பாத்துக்கிட்டிருந்தாங்க. எங்க ஊட்டுக்காரர் ஊருக்கு வெளிய வரைக்கும் ரெண்டு தரம் போயிட்டு வந்தாராம். மூணாந்தரம் போகப் போனவரை மாமனார் புடிச்சு உக்கார வெச்சாரு. "காரு அனுப்பினோம், வரலை. நம்ம கடமை முடிஞ்சுது. குஞ்சம்மாளைக் கூப்பிடுங்க." குஞ்சம்மாளைக் கூப்பிடவா வேணும், அவ பந்தக்காலுக்குப் பக்கத்துலயேதான் நின்னுக்கிட்டிருந்தா.

பனங்காட்டுல நங்கையாவுக்கும் அது தெரியும். பொழுது ஏறிருச்சு, நடந்தா முகூர்த்தம் தாண்டிரும். அந்த வழியில ஒரே ஒரு வண்டி வந்துச்சு. சின்னாங்கிறவரு ரெண்டு எளங்காளையப் பூட்டிக்கிட்டு வந்தாரு. என்ன வண்டின்னு நினைக்கிறீங்க? காட்டுக்கு எரு ஏத்திக்கிட்டுப் போற குப்பை வண்டி. இந்தத் தடவை வைக்கோல் கூட இல்லை, பாரம் நெறையச் சாணி எரு.

நங்கையா வண்டியப் பாத்தாங்க. காரைத் திரும்பிப் பாத்தாங்க. "எங்கப்பன் ஊட்டுல கொண்டுபோயி உடு சாமி"ன்னாங்க.

"குப்பையக் கொட்டிப்போட்டு வாரனுங்க."

"கொட்டுற நேரத்துக்குக் குஞ்சம்மா கொட்டகையவே புடிச்சுருவா. குப்பையோடவே ஓட்டு."

பட்டுச் சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு எரு மேலயே ஏறி உக்காந்தாங்க. "மாமா, ஏறுங்க"ன்னு புருசனைக் கூப்பிட்டாங்க. பெரியசாமி தன் வேட்டியப் பாத்தாரு, வண்டியப் பாத்தாரு. "நான் காருக்குக் காவலா இருக்கேன்"னாரு. அவரு ஆயுசுல பொண்டாட்டி சொல்லைத் தட்டினது அந்த ஒரு வாட்டிதான்.

காளைங்க ஓட்டமா ஓடி வந்துச்சுங்க. தெருவுல ஒரே கூச்சல், நானும் விடுதி ஊட்டுச் சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். குப்பை மேட்டு உச்சியில மல்லிகைப்பூவும் பட்டுமா ஒரு பொம்பளை, இடுப்புல கை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. முழங்கால் வரைக்கும் சாணி. அதுதான் நான் எங்க நங்கையாவை மொதல் மொதல்ல பாத்தது. சிரிச்சேன். ஆனா அந்த மூஞ்சியப் பாத்ததும் சிரிப்பு நின்னு போச்சு. அழுது முடிச்ச மூஞ்சி அது.

பந்தல்ல குஞ்சம்மாள் கையில கூறைச் சேலை முனை ஏறிருச்சு. "சாணி வண்டியில வந்தவ குளிச்சுட்டு வரட்டும், அதுக்குள்ள நாழியாயிரும், நானே நின்னுக்கிறேன்"ன்னா அவ. பெரியவங்களும் தலையாட்டுறாங்க. என் காதுக்கு அது வந்ததும் எனக்குக் கோவம் வந்துருச்சு. காரணம் நியாயமா என்னன்னு கேக்காதீங்க. முந்தின நாளு அந்தக் குஞ்சம்மாள் என் கன்னத்தைக் கிள்ளி, "கறுப்பா இருந்தாலும் களையாத்தான் இருக்குது"ன்னு சொல்லிட்டுப் போயிருந்தா.

"நங்கையா புடிக்காத சேலைய நான் கட்ட மாட்டேன்"னு விடுதி ஊட்டுல இருந்தே சொல்லி அனுப்பினேன். கல்யாணப் பொண்ணு பேசலாமான்னு எங்க அம்மா என் தொடையில நறுக்குன்னு கிள்ளினா. கிள்ளு கிள்ளாத்தான் இருந்துச்சு, ஆனா சேதி பந்தலுக்குப் போயிருச்சு. எங்க ஊட்டுக்காரர் கல்யாணத்துல வாயத் திறந்தது அப்பதான். "அக்கா புடிக்கட்டும்"னாரு. ரெண்டே வார்த்தை. எங்க மாமியார் ஓடி வந்து மக காலுல இருந்த சாணியத் தன் முந்தானையிலயே தொடைச்சாங்க. நங்கையா போயி குஞ்சம்மாள் கையில இருந்த முனைய வாங்கிக்கிட்டாங்க. அந்தச் சேலைய நான் இன்னும் வெச்சிருக்கேன், ஒரு ஓரத்துல கறை போகவேயில்லை.

இணைச்சீர் முடியுது, தெருவுல ஆரன் சத்தம். பாத்தா நம்ம காரு, தடதடப்பு இல்லாம வருது. வைகாசி வெயில்ல தானாக் காஞ்சு தானாக் கிளம்பிருச்சு. பின்சீட்டுல பெரியசாமி மட்டும் தனியா, மடிப்புக் கலையாத வேட்டியோட, கலெக்டராட்டம் உக்காந்திருந்தாரு. பந்தலே சிரிச்சுச்சு. அன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு அவருக்குக் கிடைச்சுதான்னு எனக்குத் தெரியாது.

அப்புறமென்ன, பழியெல்லாம் சேலத்து ஒர்க்‌ஷாப்புக்காரன் தலையில. எங்க ஊட்டுக்காரர் நேராப் போயி சண்டை போட்டாரு. நல்லா ஓடுற காரைப் பாத்து அவன் முழிச்சானாம். "என்னதான் செய்யச் சொல்றீங்க?"ன்னு கேட்டிருக்கான். "அந்த நடுக்கத்தைத் திருப்பி வையி, எங்க ஊருச் சாமிக்கு அது வேணும்"ன்னு சொல்லி, எடுத்த நடுக்கத்தை மறுபடியும் வாங்கிக்கிட்டு வந்தாரு. இப்படி ஒரு ரிப்பேருக்கு வந்த ஆளு அந்தக் கடையில அவரு ஒருத்தராத்தான் இருப்பாரு.

அதுக்கப்புறம் நங்கையா ஒரு நோம்பி தவறாம வந்தாங்க. பஸ்ஸுல வருவாங்க, கட்டை வண்டியில வருவாங்க, நடந்தும் வருவாங்க. கார் அனுப்புன்னு ஒரு நாளும் கேக்கல. வந்து என்கூடச் சண்டை போடுவாங்க. உப்புக்கு ஒரு சண்டை, புளிக்கு ஒரு சண்டை. நானும் உட்டுக் குடுக்க மாட்டேன்.

சீமையில உலகச் சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமப் போனதும் காரை மாட்டுக் கட்டுத்தரையில தள்ளி நிறுத்தினோம். பின்சீட்டுல கோழி அடை உக்காந்துச்சு. சண்டை முடிஞ்ச வருசம் பழைய இரும்புக்கு ஒருத்தர் கேட்டு வந்தாரு. சேதி தெரிஞ்சு நங்கையா கிளம்பி வந்துட்டாங்க. வந்ததும் கோழியப் பாத்து என்னைய புடிச்சுக்கிட்டாங்க. "மகாலச்சுமியாட்டம் வந்த காரைக் கோழிக்கூண்டு ஆக்கிப்போட்டியே புள்ளே."

எனக்குப் பொறுக்கல. சடையன் என்னைக்கோ என்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லியிருந்தான், அதை ஒரு நல்ல சண்டைக்குன்னு சேத்து வெச்சிருந்தேன். "கோழி என்ன பண்ணிச்சு? காதுல தண்ணி ஊத்தி அதை நிறுத்தினது நீங்க. மூடிக்குள்ள பூரா மஞ்சத்தண்ணியாக் கிடந்துச்சுன்னு சடையன் சொல்லிப்போட்டான். பாவம், சேலத்தான் ஊரு வசவு வாங்கினான்."

நங்கையா பதிலுக்குக் கத்துவாங்கன்னு இடுப்புல சேலையச் செருகிக்கிட்டு நின்னேன். அவங்களோ கார்ப் படியில உக்காந்துட்டாங்க.

"மூடியத் திறந்தப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன் புள்ளே. சேலத்தான் மேல போடு, வாயத் திறந்தீன்னா தோலை உரிச்சுருவேன்னு அவனை மிரட்டினதே நாந்தான்."

"பின்ன எதுக்குங்க காதுல ஊத்தினீங்க? தானாத் துளுக்குற வரைக்கும் பொறுத்திருக்கலாமில்ல?"

"துளுக்காமயே போயிருந்தா?" தரையவே பாத்துக்கிட்டுச் சொன்னாங்க. "மூணு சொம்புக்கு அது அசையல. ஊரே பாத்துக்கிட்டு நிக்குது. சாமி உத்தரவு இல்லைன்னு ஆயிட்டா நான் எப்படி ஏறுவேன்? எங்கம்மா கையில சோறு தின்னு ஆறு வருசம் புள்ளே. காரு வந்தாத்தான் வருவேன்னு வாய உட்டவளும் நான், ராத்திரியெல்லாம் காரு வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கிடந்தவளும் நான். வராத காரு வந்துருச்சு. அதுக்கு மேலயும் சாமி குறுக்க நின்னா நான் என்ன பண்றது? அதனாலதான் ஊத்தினேன்."

நங்கையா கார்த் தகரத்தை ரெண்டு தட்டுத் தட்டினாங்க, சடையன் தட்டுவானே, அதே மாதிரி.

"மொதல்ல வந்த குப்பை வண்டியிலயே ஏறியிருந்தா ஆறு வருசம் மிச்சமாயிருக்கும்."

அப்புறம் எந்திரிச்சு, அடைக்கோழி கொத்தக் கொத்த அதைத் தள்ளிட்டு, அடியில இருந்த முட்டைய முந்தானையில எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. "கார் போயிருச்சுன்னா இதுக்கு வேற எடம் வேணுமில்ல? கூடை ஒண்ணு எடுத்துட்டு வா. இதையும் நாந்தான் சொல்லோணுமா?"ன்னாங்க. நான் கூடை எடுக்க உள்ள போனேன்.